அக்காவைப் பயமுறுத்தாத பூதம்

என் அக்காவின் கணவர் சினிமாவில் பூதமாக நடிக்கிறார். முழுப் பூதம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். தண்ணீருக்கு அடியில் நீந்துகிற பூதம் அவர். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டுகிற பூதம் இன்னொருவர். இரண்டு பேருக்கும் உடுப்பு ஒன்றே. காலையில் ஒருவர் போட்டுக் கழற்றியதை மத்தியானம் மற்றவர் மாட்டிக்கொள்வார்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை டிகிரி என்று கூப்பிடுவார். எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன் என்பதால் வந்த பெயர். கேலிக்குத்தான் வைத்தார். ஆனால் நாலு பேர் நடுவில் அவர் அப்படிக் கூப்பிடும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். ஊரைவிட்டு வேலைக்கு வந்ததிலிருந்து அவர்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறேன். அதனால் இந்தப் பூதத்தின் கதை எனக்குத் தலை முதல் வால் வரை தெரியும்.

மாமாவுக்கு நிரந்தர வேலை பொது நீச்சல் குளத்தில். தண்ணீருக்கு மருந்து போடுவது, மூச்சுத் திணறுகிறவனைக் குதித்துத் தூக்குவது, கரையில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊதுவது. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தலையை இடது பக்கம் சாய்த்து, ஒற்றைக் காலில் நின்று, ஒரு வெட்டு வெட்டுவார். காதில் நின்ற தண்ணீர் இறங்கவேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று டைரக்டர் ஆனபோது, வாடகைக்குக் கடல் கிடைக்காமல் இந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்தார். குளத்தை மாதம் ஒருமுறை வடித்துக் கழுவுவார்கள். வடிப்பதற்கு முந்தின நாள் குளம் மூடியிருக்கும். எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர் என்பதால் அதில் என்ன கலந்தாலும் கேட்பாரில்லை. டைரக்டர் அண்டா அண்டாவாக டீத்தூள் டிகாக்‌ஷன் ஊற்றினார். நீலமாகப் பளிச்சென்று இருந்த குளம் கொஞ்ச நேரத்தில் எங்கோ மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏரி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இருப்பவர் நீந்துவது தெரியும். முதுகில் ஜிப் இருப்பது தெரியாது. படப்பிடிப்பு முடிந்த அன்று மாமா வந்தால் வீடெல்லாம் டீக்கடை வாசனை.

உடுப்பு தடித்த பஞ்சு ரப்பரில் தைத்தது. செதில்களெல்லாம் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியவை. காய்ந்திருந்தால் மிதக்கும்; மூழ்காத பூதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் முதலில் தலை நீட்டுகிறவர் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஊறவைப்பார். நன்றாக ஊறிக் கனத்த பிறகு மாமா போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போவார். இந்த ஏற்பாட்டில் ஆரம்பத்திலிருந்தே மாமாவுக்கு ஒரு மனக்குறை.

"போட்டா அவன் சூடு அப்படியே இருக்கு டிகிரி. அவன் படுத்து எழுந்த பாய்ல நான் படுக்கிற மாதிரி."

அந்த 'அவன்' ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசல் காவலாள். எல்லோரும் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை அசையாமல் நிற்பது அவருடைய தொழில். அவருக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரென்றாலே நடுக்கம். தண்ணீருக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் குந்தவைத்து, மெதுவாக எழுந்திரு என்பார் டைரக்டர். மனிதர் எழுந்திருப்பார் பாருங்கள், பால் பொங்குகிற மாதிரி. எப்போது மேலே வந்தார் என்று தெரியாது; பார்த்தால் தலை இருக்கும்.

இந்தப் படங்களை யார் பார்க்கிறார்கள் என்று என்னுடன் வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சொல்கிறேன், கிணற்றில் நீந்திப் பழகினவன் எவனும் சிரிக்கமாட்டான். நடுக்கிணற்றில் மிதக்கும்போது கால் இரண்டும் கீழே தொங்கும். அந்தக் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒன்றும் இல்லை என்று அறிவு சொல்லும், காலோ மடங்கிக்கொள்ளும். அந்தக் கூச்சத்தைத் திரையில் கொண்டுவர டைரக்டருக்குப் பெரிய செலவு தேவைப்படவில்லை. கலங்கல் போதும். பணக்காரப் படத்தில் பூதத்தின் பல்லைக்கூட ஒவ்வொன்றாகக் காட்டிவிடுகிறார்கள், பார்த்தாயிற்று, முடிந்தது. நம் டைரக்டரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் நம் தலைக்குள் இருப்பதையே எடுத்துக் காட்டினார். ட்யூப் செதிலைப் பார்த்துச் சிரித்தவன்கூட உட்கார்ந்திருந்த நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதல் படம் வெளியானபோது மாமா எங்கள் இருவரையும் மத்தியானக் காட்சிக்குக் கூட்டிப்போனார். அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை நர்ஸ். திறந்த வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை ஒதுக்கிப் பிடிக்கிறவள். வீட்டுக்குள் பாம்புக்குட்டி வந்தால் முறத்தில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு அதே கையோடு துணி மடிப்பாள். அவளை ஒருமுறையாவது பயமுறுத்திப் பார்க்கவேண்டும் என்பது மாமாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இருக்கிற ஆசை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்திருக்கிறார், போர்வைக்குள் இருந்து கத்திப் பார்த்திருக்கிறார். "தள்ளுங்க, அடுப்புல வேலை இருக்கு" என்று போய்விடுவாள். பூதமாக நடிக்க அவர் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான் என்பது என் கணிப்பு.

திரையில் மாமா வந்தார். அடியாழத்தில், டிகாக்‌ஷன் இருட்டில், வாலை அசைத்து அசைத்து ஒரு பெண்ணின் காலை நோக்கி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டே, "எவ்வளவு அழகா நீந்துறீங்க" என்றாள்.

மாமாவின் முகம் தொங்கிப்போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, அமைதியான தண்ணீர். யாரும் இல்லை. தலை எழுந்தது. அக்கா "அம்மாடி" என்று மாமாவின் கையைக் கப்பென்று பிடித்தாள். நகம் இறங்கும்படி பிடித்தாள். மாமா ஒரு கணம் பூரித்துப்போனார். பிறகுதான் அது யாருடைய தலை என்று அவருக்கு உறைத்தது.

இரண்டாம் படத்திலும் அதேதான். அடியில் இவர் வந்தால் அவள் கொட்டாவி விட்டாள்; மேலே அவர் வந்தால் கண்ணைப் பொத்தினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் துணி எடுக்கவேண்டுமென்றால் மாமா எங்களை ஊரைச் சுற்றி வேறு கடைக்குக் கூட்டிப்போனார். அந்த ஜவுளிக்கடைத் தெரு வழியாக பஸ் போனால் அக்காவை ஜன்னல் பக்கம் உட்காரவிடமாட்டார்.

"உங்களுக்கு என்ன வந்தது?" என்று அக்கா கேட்டாள்.

"வெயில் அடிக்கும்."

என்னிடம் மட்டும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கொட்டித் தீர்த்தார். "ஒருத்தன் பொண்டாட்டி இன்னொருத்தனைப் பார்த்துச் சிரிச்சா தாங்கிக்கலாம் டிகிரி. பயந்தா எப்படித் தாங்குறது? பயம்கிறது உள்ளேயிருந்து வர்றது. நீ படிச்சவன், சொல்லு."

நான் படித்த எந்தப் பாடத்திலும் இது வரவில்லை. "நீங்களே ஒரு தடவை தலையை நீட்டிப் பாருங்களேன் மாமா" என்றேன்.

மூன்றாம் படத்தின்போது அவர் டைரக்டரைக் கேட்டார். "மாஸ்டர், நீங்க மீன். மீன் போய் கொக்கு வேலையைக் கேட்கலாமா?" என்று டைரக்டர் கையை விரித்துவிட்டார். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு குளக்கரையில் இருந்தேன். மாமா நேராகத் தூணிடம் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன்.

"தம்பி, இந்தத் தடவை அந்தத் தலையை நான் பண்றேன்."

தூண் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். "தாராளமா எடுத்துக்கங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த ஸ்டூல் வழுக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வருது."

"ஜனங்க உங்களைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க, தெரியுமில்ல?"

"அப்படியா? நான் படமே பார்க்கிறதில்லையேண்ணே. எனக்குப் பயமா இருக்கும்."

மாமா திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அந்த மனிதர் அதை வைத்திருந்ததே தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிட்டாரே. "பார்த்தியா, அவனுக்கு அதோட அருமையே தெரியலை" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜிப்பை ஏற்றச் சொன்னார்.

தூணே ஒதுங்கிக்கொண்ட பிறகு டைரக்டராலும் மறுக்கமுடியவில்லை. எழுந்தது என்னவோ சுமாராகத்தான் எழுந்தார். அவருக்கு நிற்கத் தெரியாது; தண்ணீருக்குள் போனாலே கைகால் தானாகத் துடுப்புப் போடும். ஆனால் தலை முழுசாக வெளியே வந்த பிறகு ஒன்று நடந்தது. பூதத் தலைக்குள் நின்ற தண்ணீர் அவர் காதுக்குள் இறங்கியிருக்கவேண்டும். பூதம் தலையை மெதுவாக இடது பக்கம் சாய்த்தது. சாய்த்தபடியே நின்று, ஒரு வெட்டு வெட்டியது. கரையிலிருந்த லைட்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார்.

"மாஸ்டர், அந்தக் கழுத்து!" டைரக்டர் ஓடிவந்தார். "எங்கே பிடிச்சீங்க அதை?"

"நாலு நாளா யோசிச்சு வச்சிருந்தேன்" என்றார் மாமா, கூச்சமே இல்லாமல்.

தியேட்டரில் அந்தக் கழுத்து சாய்ந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பெரிய மீசை வைத்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமா திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார், கையையும் பிடிப்பதற்கு வசதியாக நாற்காலிக் கட்டைமேல் நீட்டி வைத்திருந்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"நீங்கதானே அது? வீட்டு வாசல்ல பண்றதை அங்கேயும் போய்ப் பண்ணியிருக்கீங்களே. துண்டு எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்க வாய் வரைக்கும் வந்திடுச்சு."

சுற்றியிருந்த கூட்டம் முழுக்க மாமாவைப் பார்த்து நடுங்கியது. அது அவருக்கு எட்டவே இல்லை. நீட்டிவைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாலாவது படத்தில் பூதம் குளத்தைவிட்டு வெளியேறித் தெருவில் நடக்கிறது. அதற்கு உயரம் வேண்டும். எழுந்து, நின்று, அப்படியே படியேறிப் போவதால் தலையும் மறுபடி தூணுக்கே போனது. ஆனால் அந்தக் கழுத்து இல்லாமல் இனிப் பூதமே கிடையாது என்று டைரக்டர் முடிவு செய்துவிட்டார். "மாஸ்டர், தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுங்க."

என்னால் மறக்கமுடியாத காட்சி அது. காலியான குளக்கரை. தூண் பயபக்தியோடு கைகட்டி நிற்கிறார். மாமா அவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடதா வலதா என்று தூண் கேட்டார்.

"வலது" என்றார் மாமா. "வலது பக்கம்தான். நல்லாப் பார்த்துக்கங்க."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில், "என் கழுத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துடுவேனா? திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். நகல் நகலாத்தான் இருக்கும்" என்றார். அன்று ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு சீட்டி அடித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

படம் வந்தது. மூவரும் போனோம். இந்தத் தடவை மாமா கையை மார்பில் கட்டிக்கொண்டு, தோற்கப்போகிற ஆட்டக்காரனைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அசையவில்லை. தலை எழுந்தது, பால் பொங்குகிற மாதிரி. பிறகு, மெதுவாக, வலது பக்கம் சாய்ந்தது.

அக்கா நாற்காலியில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டாள். மாமா மார்பில் கட்டியிருந்த கையைப் பிரித்து இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூதம் படியேறித் தெருவில் நடந்து முடிக்கும்வரை விடவில்லை.

வெளியே நல்ல வெயில். அக்காவின் கை இன்னும் மாமாவின் முழங்கைக்கு மேலேயே இருந்தது. பஸ் நிறுத்தத்தை நெருங்கியபோது அவர் கேட்டார், "போன தடவை அதே கழுத்துக்குச் சிரிச்சியே?"

"அது நீங்க. எனக்குத் தெரிஞ்ச கழுத்து." அக்கா ஒருமுறை தோளைச் சிலுப்பிக்கொண்டாள். "இது உங்களை மாதிரியே இருக்கு, ஆனா மாறி இருக்கு. வீட்டு வாசல்ல நிக்கிறது நீங்க இல்லேன்னா எப்படி இருக்கும்? அப்படி ஆயிடுச்சு எனக்கு. அந்தத் தூண் மனுஷன் எப்படித்தான் யோசிச்சாரோ."

பஸ் வந்தது. அது ஜவுளிக்கடைத் தெரு வழியாகப் போகிற பஸ். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், மாமா தடுக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, மேல்கையில் பதிந்திருந்த நகத்தடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு பின்சீட்டில் இருந்த என் பக்கம் சாய்ந்து, அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இடது பக்கம்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம் டிகிரி."