எண்ண வந்த ஆள்

ஒன்பதாவது தடவையாகத் தெருமுனை வரை போய்த் திரும்பும்போது அவளுடைய இடது செருப்பின் வார் அறுந்தது. நடுவில் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலை இழுத்துக்கொண்டே நடந்தாள். எதிரே மூன்றாம் மாடி டீச்சர் கறுப்புக் கண்ணாடியும் கைப்பையுமாக, எங்கோ முக்கியமான இடத்துக்குப் போகிற தோரணையில் வந்துகொண்டிருந்தார். கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே பையோடு எதிர்த்திசையில் போனவர்தான். இருவரும் முன்பின் தெரியாதவர்கள்போல ஒதுங்கிக்கொண்டார்கள்.

தெருமுனையில் மின்பெட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். யாராவது கடந்துபோனால் அவர் கட்டைவிரல் அசையும். கையிலிருந்த சின்னக் கருவி 'டிக்' என்னும். பதினெட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு முழுவதும் அந்த 'டிக்'குக்காகத்தான் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தது.

அந்தத் தெருவில் மேசை நாற்காலிக் கடை ஒன்று மூடிக்கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன் யாரோ இரண்டு பேர் வந்து அதை நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். நடந்தது அவ்வளவுதான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அந்தப் பெரிய ஆர்கானிக் கடையின் கிளைதான் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. பக்கத்து நகரத்தில் அதற்கு ஒரு கிளை உண்டு. அங்கே ஆப்பிளைக் குழந்தையைப்போலத் துடைத்து வைத்திருப்பார்கள். முட்டைப் பெட்டியில் கோழி வளர்ந்த பண்ணையின் படம் இருக்கும். அப்படி ஒரு கடை வந்தால் தெருவுக்கே மவுசு கூடும் என்றார்கள். டீச்சருக்கு முட்டி வலி போய்விடும் என்றுகூட ஒரு நம்பிக்கை இருந்தது.

பக்கத்து நகரத்துக் கிளையில் அவள் பதினோரு வருடமாகப் பழம் எடை போடுகிறாள். அதனால் குடியிருப்பில் அவளுக்கு 'ஆர்கானிக் அக்கா' என்று பெயர். காலை ஐந்து பத்துக்குத் தெருவுக்குள்ளேயே வருகிற முதல் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் ஒரு தடவை மாறி, ஏழேகாலுக்கு ஏப்ரனைக் கட்டுவாள். திரும்பி வர இரவு எட்டாகிவிடும். புருஷனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. ஏழுக்கே கிளம்பிவிடுவான். விடிவதற்கு முன் அவன் மாடிப்படி ஏறுவான், அவள் இறங்குவாள். இரண்டாவது திருப்பத்தில் நின்று வீட்டுச் சங்கதி இரண்டு பேசுவார்கள். "நம்ம குடித்தனமே படிக்கட்டுலதான்" என்பான் அவன்.

இந்தத் தெருவுக்குக் கிளை வந்தால் மாற்றல் வாங்கிக்கொள்ளலாம். மேலாளரிடம் சொல்லியும் வைத்திருந்தாள். ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாள். அவன் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும். ஆப்பிளெல்லாம் யாருக்கோ, அவளுக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்.

வினை அவள் வாயால்தான் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து படியேறும்போது, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வழிமறித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் பென்ஷன்காரர். கிளை திறக்குமுன் என்னவெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டார். எங்கள் கிளைக்கு முன்னால் ஒரு ஆள் இரண்டு நாள் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை எண்ணினாராம் என்று சொல்லிவிட்டு மேலே போனாள். பிறகு அதை மறந்தே போனாள்.

பென்ஷன்காரர் மறக்கவில்லை. நேற்று ஒரு ஆள் வந்து விளக்குக் கம்பத்தில் ஏதோ எண் எழுதிய தாளை ஒட்டி, நாளைக் காலை ஆறிலிருந்து இங்கே எண்ணுவோம் என்றதும், அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் தெருவில் நடக்க வேண்டும். நல்ல உடுப்பு. கையில் துணிப்பை. பரபரப்பில்லாத நடை. எல்லாவற்றையும்விட முக்கியம், பஸ் நிறுத்தத்தில் ஒரு ஈ காக்கை நிற்கக்கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் ஏறிக்கொள்ளட்டும்.

"பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்தப் பாத்தா, இதுங்க எங்க நம்ம கடைக்கு வரப்போகுதுன்னு எழுதிட்டுப் போயிடுவாம்மா" என்றார் அவளிடம். "உனக்குத் தெரியாததா?"

வாரத்தில் புதன் ஒருநாள்தான் அவளுக்கு விடுமுறை. இன்று புதன். புருஷன் சன்னலில் சற்று நேரம் நின்று பார்த்தான். "வாரம் பூரா கடையில நிக்கிற. லீவு அன்னைக்குக் கடைக்காக நடக்கிற. உனக்குச் சிலைதான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

வெயில் ஏறியிருந்தது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் மின்பெட்டி நிழலில் ஒதுங்கினாள். எண்ணும் ஆளின் தண்ணீர் பாட்டில் காலியாகக் கிடந்தது. தன் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, "ஏம்மா, இந்தத் தெருவுக்கே சர்க்கரை வியாதியா?" என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடை எப்போது திறக்கும் என்று கேட்டாள்.

"எந்தக் கடை? நான் பஸ் ஆபீஸும்மா. இந்தத் தெருவுல ஏறறதுக்கு ஆள் இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க."

தாளைக் காட்டினார். நடப்பவர்கள் பக்கத்தில் ஐநூற்றுச் சொச்சம். ஏறுபவர்கள் பக்கத்தில் இரண்டு. அந்த இரண்டு பேரும் வெளித்தெருக்காரர்கள்.

தினமும் ஏறுவோம், இன்றைக்கு மட்டும்தான் இப்படி என்று அவள் சொன்னாள். என் பஸ் ஐந்து பத்துக்கு, நீங்கள் வந்ததே ஆறுக்கு என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எண்ணினதைத்தான் எழுத முடியும் என்றார்.

அந்த நேரத்தில் பஸ் ஒன்று தெருவுக்குள் திரும்பி வந்தது. அவள் ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய் ஏறினாள். ஏறும்போது, மாடி வராந்தாவில் பென்ஷன்காரர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்பது தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பினாள். தாளில் ஏறுபவர்கள் பக்கம் மூன்று ஆகியிருந்தது.

படியில் வைத்து விஷயத்தைச் சொன்னபோது பென்ஷன்காரர் கோபப்படவில்லை. புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பஸ் ஆபீஸ்னுதான் சொல்லுவான். கடைக்காரன்னு போர்டு மாட்டிக்கிட்டா வருவான்? யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. போய்ப் படும்மா."

அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்று அவள் மனசில் ஒரு மூலை கேட்டது. போய்ப் படுத்தாள்.

ஆறு வாரம் கழித்து நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். நாளை முதல் பஸ் தெருவுக்குள் வராது. மெயின் ரோட்டோடு நேராகப் போய்விடும். பென்ஷன்காரர் இரண்டு தடவை படித்தார். கடைக்கு லாரி வந்து போக வழி பண்ணுகிறார்கள் என்றார். டீச்சர் தலையாட்டினார். அவள் நேரத்தை மட்டும் பார்த்தாள். தெருவைச் சுற்றுவது மிச்சமாவதால் முதல் பஸ் நாலு ஐம்பதுக்கே வந்துவிடும். மெயின் ரோட்டுக்கு இருபது நிமிட நடை. புருஷன் கிடங்கிலிருந்து வந்து சேர ஐந்தாகும்.

மறுநாள் அவள் மூன்றே முக்காலுக்கு எழுந்தாள். சமைத்து மூடிவைத்தாள். கேஸ் தீரப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் செருகிவிட்டு நாலேகாலுக்கு இறங்கினாள். படியில் யாரும் இல்லை. மெயின் ரோட்டில் ஏற்கெனவே நாலு பேர் நின்றிருந்தார்கள். பஸ் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. உட்கார இடம் கிடைத்தது. ஏழுக்குள் கடைக்குப் போய்விட்டாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று மேலாளர் கேட்டார். பஸ் நேரம் மாறிவிட்டது என்றாள். பேரிக்காய் வந்திருந்தது. பெட்டிகளைப் பிரித்து, அடிபட்டவற்றைத் தனியே எடுத்து வைத்தாள்.