மூன்று முறை தட்ட வேண்டிய கதவு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் ஆண்டு விழா. பாட்டு, டான்ஸ், மியூசிகல் சேர் எல்லாம் முடிந்து கடைசியாக வினாடி வினா. நான் பின்வரிசையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

பிரிட்டிஷ் பார்லிமென்ட் தொடங்கும் நாளில் அரண்மனைத் தூதர் மக்கள் சபை வாசலுக்கு வந்ததும் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இதுதான் கேள்வி. மேடையில் இருந்த நாலு டீமும் முழித்தன. வரவேற்பார்கள்... எழுந்து நிற்பார்கள்... ஊஹூம். கேள்வி எங்கள் பக்கம் வந்தது.

"கதவை அவர் மூஞ்சிக்கு நேரா சாத்துவாங்க. அவர் மூணு தடவை தட்டணும். அப்புறம்தான் திறப்பாங்க" என்றேன், வாயில் கேசரியோடு.

பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. லண்டனில் எத்தனை வருஷம் சார் இருந்தீங்க என்று சங்கத்துச் செயலாளர் மரியாதையாகக் கேட்டார். லண்டனா? நான் மேற்கே போனதே துபாய் வரைக்கும்தான். அந்தக் கதவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அங்கே கராமாவில், மூன்று பேர் தங்கிய ஒரு பேச்சிலர் ரூமில். பதில் சரியாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தபோதும் அந்த ரூம்தான் கண்முன் நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் தேராவில் ஒரு டிரேடிங் கம்பெனியில் கிளார்க். மனைவியும் மகளும் தஞ்சாவூரில். ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. ரூமில் என் பக்கத்துக் கட்டில் யோகனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். அல் குசைஸில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். எதிர்க் கட்டிலில் கீழக்கரை காதர் பாய். ஜவுளிக் கடையில் வேலை, சமையலில் ராஜா.

யோகனின் மனைவி மலர் லண்டனில் இருந்தாள். சின்ன வயதிலேயே அண்ணனோடு போய் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள். சென்னையில் வைத்துக் கல்யாணம். பத்தொன்பது நாள் சேர்ந்திருந்தார்கள். பிறகு அவள் விமானம் ஒரு பக்கம், இவர் விமானம் ஒரு பக்கம். மனைவியோடு போய்ச் சேர விசா போட்டு, இன்டர்வியூவுக்காகக் காத்திருந்தார் யோகன்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? ஒருநாள் சாப்பிடும்போது யோகன் கவலையோடு கேட்டார். எனக்கோ, தெரியாது என்று சொல்லிப் பழக்கமே கிடையாது. ரூமில் ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவன் என்ற கெத்து வேறு. "அந்த நாட்டுக்குப் போறவனுக்கு அந்த நாட்டைப் பத்தித் தெரியணும்ல? ராஜா, ராணி, பார்லிமென்ட்... அதைத்தான் கேப்பாங்க" என்று அடித்துவிட்டேன்.

யோகன் நம்பினார். நான் சொன்னதாலேயே நம்பினார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சுருக்கென்கிறது.

பழைய புத்தகக் கடையில் ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்கினோம். தினமும் பாடம். பிரபுக்கள் சபை, மக்கள் சபை, எழுதி வைக்காத அரசியல் சட்டம். ஆறு கல்யாணம் செய்துகொண்ட ராஜாவின் மனைவிகளுக்கு என்ன ஆனது என்பதை நினைவில் வைக்க நான் ஒரு சூத்திரம்கூடக் கட்டிக் கொடுத்தேன்... தள்ளு, வெட்டு, சாவு. தள்ளு, வெட்டு, தப்பு. காதர் பாய் வெங்காயம் நறுக்கியபடியே கேள்வி கேட்பார். ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு பொஞ்சாதியப் பாக்க முடியாம ஒருத்தன் இங்க கெடந்து தவிக்கிறான். அந்த ராஜாவுக்கு ஆறாக்கும்?"

புத்தகம் பத்தவில்லை. மலர்தான் அங்கேயே இருக்கிறாளே, அவளையே கேட்கலாமே என்று யோசனை சொன்னேன். அதுவும் நான்தான். பாவம், வேலை முடிந்து லைப்ரரிக்குப் போய், பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பினாள் அவள். அவளுடைய கடிதங்களில் பக்கம் பக்கமாக ராஜாக்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன். பூத்துக்கு வெளியே நீளமான க்யூ இருக்கும். யோகன் கையில் போன் கார்டு, என் கையில் சந்தேகப் பட்டியல். கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர் கேட்பார். அந்தக் கதவு சாத்தும் கதையை மலர் சொன்னது அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான். முன்னொரு காலத்தில் ஒரு ராஜா எம்.பி.க்களைக் கைது செய்ய ஆட்களோடு சபைக்குள்ளேயே நுழைந்தாராம். அதிலிருந்து, உங்கள் அதிகாரம் வாசலோடு சரி என்று காட்டத்தான் இந்தச் சாத்தல். யோகனுக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. அரண்மனை ஆளுக்கே மூன்று தட்டு என்றால் எனக்கு எத்தனையோ என்று சிரித்தார்.

நடுநடுவே மலர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள் போலிருக்கிறது. இவர் அவசரமாக, "அதைப் பிறகு கதைப்பம், மலர்" என்பார். கார்டு தீர்ந்துவிடுமே என்ற பதற்றம். அநேகமாக எல்லா வெள்ளிக்கிழமையும் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. எனக்கு உறைக்கவில்லை.

இன்டர்வியூ நாள். காதர் பாயின் டை, என்னுடைய ஷூ. விசா ஆபீஸ் மதிலோரம் இருந்த வேப்பமர நிழலில் நான் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து யோகன் வெளியே வந்தார். நடந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு ராஜாகூட வரவில்லையாம். உள்ளே இருந்த பெண் அதிகாரி கேட்டதெல்லாம் வேறு. உங்கள் மனைவி காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்? எந்த பஸ்? வீட்டில் அவருக்கு எந்த அறை? அவருடைய நெருங்கிய சிநேகிதி யார்? போன வாரம் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டீர்கள்?

"கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் அண்ணை எனக்கு மறுமொழி தெரிஞ்சது" என்றார் யோகன். "பார்லிமென்ட் கதவைப் பற்றிக் கதைச்சனாங்கள் எண்டு சொன்னன். அந்த மனுசி பேனையைக் கீழை வைச்சிட்டுது."

கணவன் மனைவி என்பதற்குச் சாட்சியாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்த கடிதக் கட்டை அந்த அம்மாள் பொறுமையாகப் புரட்டியிருக்கிறார். அதில் இருந்தவர்கள் யார்? தள்ளப்பட்டவள், வெட்டப்பட்டவள், தப்பியவள்... மலர் எங்கேயும் இல்லை.

விசா இல்லை என்று கடிதம் வந்தது. உண்மையான இல்லற உறவு இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். யோகன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். காதர் பாய் அன்று மூன்று பேருக்கும் சேர்த்து மீன் குழம்பு வைத்தார். யாரும் தொடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் இல்லை. துணைக்குப் போனேன், தள்ளி நின்றேன். ஆனால் பூத்தின் கதவு சரியாகச் சாத்தாது.

"மலர்... நீர் காலமை என்ன சாப்பிட்டனீர்?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, யோகன் கண்ணாடியில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றுவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். சன்னலால் பார்த்தால் என்ன தெரியும், குளிருக்கு என்ன போடுவீர், வேலையிடத்தில் யாரோடு சிரிப்பும் பம்பலும், எப்போது அழுகை வரும். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அவர் வெளியே வந்ததும், எனக்கு என்ன தோன்றியதோ, நானும் உள்ளே போய்த் தஞ்சாவூருக்குப் போட்டேன். "இன்னிக்குக் காலைல என்ன சாப்ட்டே?" என்று மனைவியைக் கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எட்டு வருஷக் கல்யாணம் எங்களுடையது. இரண்டு இட்லி என்று அவள் சொன்னபோது அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு யோகன் ஒவ்வொரு வாரமும் ரூமுக்கு ஏதாவது கொண்டுவந்தார். மலர் ரொட்டியை நின்றபடியேதான் சாப்பிடுவாள். அவள் சன்னலுக்கு நேரே ஒரு பஸ் ஸ்டாப், மழை பெய்தால் அங்கே குடைகள் மட்டும்தான் தெரியும். தேநீருக்குச் சீனி மூன்று கரண்டி. சென்னையில் சேர்ந்திருந்த பத்தொன்பது நாளில் தெரியாத பெண்ணை, அந்தப் பூத்துக்குள் நின்று அவர் தெரிந்துகொண்டார். தெரியத் தெரிய ஏக்கம் குறையும் என்றுதானே நினைப்போம்? இல்லை. யாருக்காக ஏங்குகிறோம் என்று தெரிந்த பிறகு வருகிற ஏக்கம் வேறு. அவர் இளைத்துப் போனார்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி இன்டர்வியூ. அதே டை, அதே ஷூ, அதே வேப்பமரம். மனைவியைப் பற்றிக் கேட்டதும் யோகன் பேச ஆரம்பித்தாராம். சீனி, குடை, ரொட்டி... அந்த அதிகாரி கையைக் காட்டி, போதும் என்று சொல்லும்வரை நிறுத்தவில்லையாம். அரண்மனைத் தூதருக்கு மூன்று தட்டு. எங்கள் யோகனுக்கு இரண்டோடு திறந்துவிட்டது.

போனவரிடமிருந்து நாலு மாதம் கழித்து ஒரே ஒரு கடிதம் வந்தது. காதர் பாய்க்கு விசாரிப்பு, குளிரைப் பற்றி ரெண்டு வரி. ஒரு ஞாயிறு மலரோடு ஆற்றோரம் நடக்கப் போனாராம். எதிரே பார்லிமென்ட்.

"அந்தக் கதவை ஒருக்காப் போய்ப் பாப்பமோ எண்டு மலர் கேட்டா, அண்ணை. அதைப் பிறகு பாப்பம் எண்டு சொல்லிப்போட்டன்."