ரசக்காரி ஊற்றிய தண்ணீர்

ஆலயத்தின் பின்னறையில், அங்கிகள் தொங்கும் அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு பீங்கான் ஜாடி இருக்கும். அதற்குள் உலர்ந்த திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும், கொதித்து ஆறிய தண்ணீரில் நாற்பது நாள் ஊறிக் கிடக்கும். தினமும் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளற வேண்டும். கிளறிவிட்டு ஜாடியின் வயிற்றில் காதை வைத்தால், உள்ளே யாரோ மெல்லப் பேசிக்கொண்டிருப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். பதினாறு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவள் ஒருத்திதான். ஆலயத்தைப் பெருக்குவது, மணி அடிப்பது, திருவிருந்துத் துணிகளைத் துவைத்து மடிப்பது எல்லாம் அவள் வேலைதான். ஆனாலும் சபையில் அவளுக்கு நிலைத்த பெயர் ரசக்காரி. திருவிருந்துக்கான திராட்சை ரசம் அவள் கைப்பக்குவம்.

பெயர் வைத்தவர்கள் முழுக்க அன்பாக வைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவள் புருஷன் பதினெட்டு வருடம் குடித்த மனிதர். குடிகாரன் பெண்டாட்டி கையில் ஆலயத்து ரசமா என்று வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் உண்டு. அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ரசம் இருந்த அலமாரியின் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்து உள்ளே போட்டுக்கொண்டாள். புருஷன் கேட்டதில்லை, அவளும் காட்டியதில்லை.

அவர் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். விடியற்காலையில் ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். சாலையோரத்து மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, மெதுவாகச் சுற்றுவார். அவசரப்பட்டுச் சுற்றினால் எங்கோ ஓரிடத்தில் குழாய் வெடிக்கும். குடித்த காலத்தில் அவர் சுற்றாமல் விட்ட நாள்கள்தான் அதிகம். ஒருமுறை மேட்டுத் தெருவுக்கு இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. தெருவே காலிக் குடங்களோடு இவள் வாசலில் வந்து நின்றது. ஊருக்குத் தண்ணி விடச் சொன்னால் இவர் தனக்கு விட்டுக்கொள்கிறார் என்று ஒருவர் சொல்ல, குடம் வைத்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வேதத்தில் உள்ள அற்புதங்களோடு அவளுக்குச் சொந்தக்காரர்களோடு இருப்பதுபோன்ற உறவு இருந்தது. சிலதோடு நெருக்கம், சிலதோடு பேச்சே இல்லை. கடலில் புயல் அடங்கியது அவளுக்குப் பிடிக்கும். வீட்டுக்குள்ளேயே புயல் பார்த்தவள். செத்துக் கிடந்த சிறுமியை எழுப்பிவிட்டு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று ஆண்டவர் சொன்னது ரொம்பப் பிடிக்கும். எல்லாரும் வாயைப் பிளந்து நிற்கும்போது பிள்ளையின் பசி அவருக்கல்லவா ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தக் கல்யாண வீடு மட்டும் அவளுக்கு ஆகாது. விருந்தில் ரசம் தீர்ந்துபோன வீடு. தீர்ந்தால் தீர்ந்துவிட்டுப் போகட்டும், எல்லாரும் எழுந்து நல்லபடியாக வீட்டுக்குப் போயிருப்பார்களே. அதை விட்டுவிட்டு ஆண்டவர் ஆறு கல்ஜாடித் தண்ணீரை ரசமாக்கிக் கொடுப்பானேன். ஆறு ஜாடி. எத்தனை புருஷன்மார் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள், எத்தனை பெண்கள் வாசலில் காத்திருந்திருப்பார்கள் என்று அவள் நினைப்பாள். ஆலயத்தில் அந்தப் பகுதியை வாசிக்கத் தொடங்கியதுமே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். சுத்தமாக இருக்கும் முற்றத்தை இன்னொரு தடவை பெருக்குவாள்.

நினைவில் ஒதுக்கியது கனவில் வந்தது. மத்தியானம் ஆலயத்துக் கடைசி பெஞ்சில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், அவள் அந்தக் கல்யாண வீட்டில் இருப்பாள். விருந்தாளியாக அல்ல, வேலைக்காரியாக. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்துக் கல்ஜாடியில் ஊற்றுவாள். தண்ணீர் தெளிவாக மேலே ஏறி வரும், அதில் அவள் முகம் தெரியும். விளிம்பைத் தொடும் நேரத்தில் அடியிலிருந்து மெல்லச் சிவக்கும். சிவப்பு ஏறி வந்து முகத்தை மூடும். வேண்டாம், திரும்பிப் போ என்று அவள் ஜாடியைப் பார்த்துக் கெஞ்சுவாள். உள்ளேயிருந்து யாரோ மெல்லப் பேசும் சத்தம் மட்டும் கேட்கும். விழித்துப் பார்த்தால் சாயம் பூசிய ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் வந்து அவள் மடியில் சிவப்பாகக் கிடக்கும்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவர் குடியை நிறுத்தினார். வானம் திறக்கவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"இன்னைக்கு வேணாம்னு இருக்கு" என்றார்.

மறுநாளும் அதையே சொன்னார். விட்டுவிட்டேன் என்று இன்றுவரை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை, கண் பட்டுவிடும் என்ற பயம். சாயங்காலம் ஆனால் தெருமுனைச் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சத்தம் நேராக வருகிறதா, இழுத்துக்கொண்டு வருகிறதா என்று தெரியும்வரை அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

அந்தப் பதினான்கு மாதமும் அவர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னே போகும்போது கால்விரலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் சொன்னார்.

"இந்த ஞாயித்துக்கிழமை நான் பந்திக்கு வரலாம்னு இருக்கேன்."

திருவிருந்துக் கிண்ணத்தில் இருப்பது நாற்பது நாள் ரசம். மற்றவர்களுக்கு அது ஒரு மிடறு. இவருக்கு அது என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். ஒரு மிடறு நாக்கில் பட்டு, பதினெட்டு வருடமும் திரும்பி எழுந்து உட்கார்ந்துவிட்டால்?

"அப்பம் மட்டும் வாங்கிக்கோங்களேன். அதுவே போதும்."

"பந்தியில உக்காந்துட்டுப் பாதி சாப்பாட்டுல எந்திரிக்கச் சொல்றியா?"

"அதுக்கில்லைங்க."

"வேற எதுக்கு?"

உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எந்த வாயால் சொல்வது. பதினான்கு மாதம் ஒவ்வொரு நாளாக அடுக்கிக் கட்டியதை ஒரு வார்த்தையில் இடித்துவிடக் கூடாது என்று அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போதகரிடம் சொல்லலாமா என்று வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். நல்ல மனிதர்தான், இளம் வயது. ஆனால் எதைச் சொன்னாலும் விசுவாசமாய் இருங்கள் அம்மா என்று முடிப்பார். விசுவாசம் இல்லாததுதானே இப்போது கஷ்டமே. மருந்து இல்லை என்று போனவளிடம் மருந்தைச் சாப்பிடு என்றால் என்ன செய்வது. போதாததற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு எது என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தாள். அதே கல்யாண வீடு. என்னோடு விளையாடுகிறீர்களா என்று ஆண்டவரிடம் வாய்விட்டே கேட்டாள்.

சனிக்கிழமை பின்னறையில் வெள்ளிக் குடுவையை எடுத்துத் தேய்த்தாள். அலமாரியைத் திறந்து, வடிகட்டி வைத்த ரசப் புட்டியைக் கையில் எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பிடித்தால் நல்ல நிறம். அழகாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல். புட்டியைத் திரும்ப உள்ளே வைத்து அலமாரியின் கண்ணாடிக் கதவைப் பூட்டினாள். குடுவையைத் தொட்டிக் குழாயடியில் பிடித்து நிரப்பி மூடினாள். பச்சைத் தண்ணீர். பதினாறு வருடத்தில் அவள் வேலையில் செய்த ஒரே திருட்டு வேலை இது.

ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தை எடுக்கவில்லை. செய்த காரியத்துக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டாமா. பக்கவாட்டுப் பெஞ்சில், வேர்த்த கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்து, அந்தக் கல்யாண வீட்டுக் கதையை முதல்முறையாகக் கடைசிவரை கேட்டாள். அவள் எப்போதும் பாதியில் எழுந்து போய்விடுவதால் ஒன்று தெரியாமலே போயிருந்தது. பந்தி விசாரிப்பவருக்கு அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

போதகர் அன்று அதிகம் பேசவில்லை.

"அற்புதத்தை ஓர் அடையாளம்னு வேதம் சொல்லுது. வழியில நட்டிருக்கிற பலகை மாதிரி. பலகையே ஊராகிடாது. ஆனா ஊர் இருக்குன்னு அது சொல்லும், களைச்சுப் போனவன் இன்னும் கொஞ்ச தூரம் நடப்பான். இந்த வீட்ல ஆண்டவர் வேலைக்காரங்ககிட்ட ரசம் கொண்டுவரச் சொல்லலை. அவங்ககிட்ட என்ன இருந்துச்சோ அதைக் கொண்டுவரச் சொன்னார். தண்ணிதான் இருந்துச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துதான் பேசுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அது பால் வடியும் முகமாகவே இருந்தது. பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. ஜன்னல் கண்ணாடியின் நிறங்கள் தரையில் மிதந்தன. கனவில்தான் இருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஜாடியை நிரப்பும் அதே கல்யாண வீடு, அதே ஈரக் கைகள், ஆனால் இந்த முறை தண்ணீர் சிவக்காமல் தெளிவாகவே ஏறி வந்துகொண்டிருந்தது.

போதகர் குடுவையைச் சாய்த்துக் கிண்ணத்தில் ஊற்றினார். பாதியில் கை நின்றது. கிண்ணத்துக்குள் பார்த்தார். தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஆலயம் முழுக்கத் தலைகுனிந்து இருந்ததால் இந்த ஒரு பார்வையை வேறு யாரும் பார்க்கவில்லை. பின்பு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மனிதர் எழுந்து, பதினான்கு மாதத்தில் முதல்முறையாக நடந்து வருவதைப் போதகர் பார்த்தார். மீதித் தண்ணீரையும் ஊற்றினார். கிண்ணத்தை உயர்த்திக் கண்ணை மூடி ஜெபித்தார்.

வரிசையாக முழங்கால் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் குடித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு மிடறு குடித்து, சந்தேகம் தீராமல் இன்னொரு மிடறும் குடித்தார். பாடகர் குழுவின் தலைவி கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பக்தியாக மூடிக்கொண்டார். பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லவில்லையே, தன் நாக்குத்தான் கெட்டுவிட்டது போலும் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டார்கள். அவள் புருஷன் முறை வந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தார். குடித்தார். குடித்துவிட்டு அப்படியே இருந்தார். அடுத்தவர் லேசாக இடித்த பிறகுதான் எழுந்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் பின்னறைக்கு வந்து அங்கியைக் கழற்றினார். அவள் திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். "அடுத்த வாரத்துல இருந்து நாப்பது நாள் எல்லாம் வேணாம். அன்னன்னைக்குப் பிழிஞ்ச சாறு போதும். எல்லாருக்கும் அதேதான்." வாசல்வரை போனவர் திரும்பி, "நீங்க சொல்லாததுக்கு நானும் ஒரு காரணம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தொட்டியடியில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது புருஷன் உள்ளே வந்தார். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் அவர் வந்ததே இல்லை. கதவருகிலேயே நின்றார்.

"ரசம் என்ன ஆச்சு?"

"தீந்துபோச்சு."

"அலமாரியில ஒரு புட்டி தெரியுதே."

அவள் குழாயை மூடினாள். இனி மறைத்து ஆவதென்ன. "பயமா இருந்துச்சுங்க" என்றாள். "நீங்க நல்லா இருக்கீங்க. ஆனா எனக்குப் பயமா இருந்துச்சு. உங்களை நம்பலைன்னு நெனச்சுக்காதீங்க. இல்ல, நெனச்சுக்கோங்க, உண்மைதான். நம்பலை."

கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ, போனால் எங்கே போவாரோ என்று அவள் கதவைப் பார்த்தாள். அவர் வந்து தொட்டி விளிம்பில் சாய்ந்து நின்றார்.

"நாலு நாளா எனக்கும் சோறு எறங்கலை" என்றார். "அந்த ஒரு வாய் உள்ள போனா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியலை. முன்னால நடந்து வரும்போதுகூடத் திரும்பிடலாமான்னு இருந்துச்சு."

"அவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு எதுக்குங்க வந்தீங்க?"

"நீதானே ஊத்தி வெக்கிறவ. உன் கையால வர்றது என்னைக் கெடுக்காதுன்னு வந்தேன்."

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, பதினெட்டு வருடமும் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை எல்லாம் சேர்த்துக் கதவு திறந்திருக்கவே அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கிண்ணத்தை எடுத்து, அதைத் துடைப்பதற்கென்றே வைத்திருந்த வெள்ளைத் துணியை விட்டுவிட்டுத் தன் சட்டை நுனியால் துடைத்தார். வேறொரு நாளாக இருந்தால் அதற்கே அவள் சண்டை பிடித்திருப்பாள்.

"இனிமே பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டுப் பயப்படுங்க" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நீயும்தான்" என்றார் அவர்.