துடைத்தெடுத்த நீல வால்

"நீல வால் எங்கம்மா?"

குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அறிவியல் கண்காட்சிக்கு வந்த ஒருவர் கேட்டார். அவருக்கான பதில்தான் இது. வால்நட்சத்திரப் படத்துக்குக் கீழே 'நீல வால் அறுந்த மாலை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படத்தில் மருந்துக்குக்கூட நீலம் இல்லை.

படம் எடுத்தவர் என் சித்தி. பன்னிரண்டு வருஷமாக ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கணினி முன்னால் உட்கார்ந்து, ஊரார் முகத்துப் பருவையும் தழும்பையும் அழிப்பவர். வால்நட்சத்திரம் தெரிந்த நாட்களில் வேலை விட்டதும் மொட்டைமாடிக்கு ஓடிவருவார். ஆறு மாலை, அதே தண்ணீர்த் தொட்டி ஓரம், அதே லென்ஸ். பள்ளி முடித்துச் சும்மா இருந்த நானும் கூடவே நின்றேன்.

"இதுல ஒரு புள்ளியக்கூடத் தொடமாட்டேன்டி. இதாவது மேக்கப் இல்லாம இருக்கட்டும்."

கண்ணுக்குத் தெரிந்தது வளைந்த மஞ்சள் வால் மட்டும்தான். அது தூசி. கேமராவில் இன்னொன்றும் விழுந்தது: நூல் பிடித்த மாதிரி நேராக, மெல்லிய நீல வால். அது வாயு. ஐந்தாம் மாலை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த சித்தி என் கையைக் கிள்ளியே விட்டார். "அறுந்துபோச்சுடி! பாரு, துண்டு தனியாப் போகுது!" சூரியனிலிருந்து வீசும் காற்று மாறினால் அப்படி அறுமாம். மறுநாள் புது வால் முளைத்திருந்தது.

ஆறு படங்களையும் கண்காட்சிக்கு அச்சடித்துக் கொடுத்தது ஸ்டூடியோ முதலாளி. திறப்பு நாளன்றுதான் சுவரில் பார்த்தோம். ஆறிலும் ஒற்றை வால்!

"நீளமா ஒரு கீறல் இருந்துச்சும்மா. உனக்கு வேலை மிச்சம்னு நானே சுத்தம் பண்ணிட்டேன். பளிச்சுன்னு இருக்குல்ல?" என்றார் முதலாளி, பெருமையாக.

"அது கீறல் இல்ல சார். அதுதான் படமே."

"அட, யாரு இதையெல்லாம் பாக்கப் போறா?"

மூலப் படங்களை அச்சடித்துவர சித்தி ஓடினார். காவலுக்கு நின்ற என்னிடம்தான் அந்தக் கேள்வி வந்தது. குழந்தை கொட்டாவி விட்டது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சித்தி கொண்டுவந்த படங்களைக் கண்காட்சி அமைப்பாளர் மேலும் கீழும் பார்த்தார். "நீங்க படத்தைத் திருத்துற வேலைதானே பாக்குறீங்க? அப்போ இந்த நீலக் கோடு நீங்க போட்டதுதான். சுவர்ல இருக்கறதே நிஜம்."

சித்தி அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைப் படத்தைச் சுட்டிக்காட்டினார். "அதுல உங்க கண்ணுக்குக் கீழ கருவளையத்தை எடுத்ததும் நான்தான் சார். அதை மட்டும் நிஜம்னு மாட்டிட்டுத் திரியறீங்களே!"

அவர் அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளினாரே தவிர, படத்தை மாற்றவில்லை. சித்தி ஆறையும் கழற்றினார். கடைசி நாள்வரை வெறும் சுவரில் எழுத்து மட்டும் தொங்கியது.

வால் இரண்டு இருந்தது. ஒன்று அறுந்ததை நாங்கள் பார்த்தோம். படிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு பேரிடம் சொல்லுங்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்த அந்த மனிதர் காதுக்கு இது போய்ச் சேர வேண்டும்.