தெரியாத நம்பர்

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குக் கணினி கற்பித்தேன். கற்பித்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தது ஒரே கணினி. சரஸ்வதி பூசைக்கு அதற்குப் பொட்டு வைத்து மாலை போட்டதோடு பாடசாலை அதிபர் கணினி அறையைப் பூட்டிவிட்டார். "புள்ளைங்க கை வச்சா பழுதாயிரும் சேர்" என்பார். நான் கரும்பலகையில் கணினியை வரைந்து, வரைந்த பொத்தானை அழுத்தச் சொன்னேன். எரிச்சல் தலைக்கேறும்.

அந்த லட்சணத்தில் இணையப் பாதுகாப்பு என்று ஒரு பாடமும் வந்து சேர்ந்தது. இணையத்தையே காணாத பிள்ளைகளுக்கு அதன் ஆபத்தை எப்படிச் சொல்வது? பயிற்சியில் தந்த கையேட்டை மூடி வைத்துவிட்டு, அப்போது தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரத் தொடங்கியிருந்த கைபேசியை உதாரணமாக எடுத்தேன்.

"தெரியாத நம்பர்ல கோல் வந்தா எடுக்கக் கூடாது. உடனே கட் பண்ணிரணும்."

எல்லோரும் ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "வெள்ளிக்கிழம தெரியாத நம்பர்ல மூணு தடவ வந்துச்சு சேர். மூணு தடவயும் கட் பண்ணிட்டேன்."

ஒருத்திக்காவது மண்டையில் ஏறியதே என்று வகுப்பையே கைதட்டச் சொன்னேன். அவள் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்தாள்.

மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு அவளுடைய அப்பா வந்தார். அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அங்கே கைபேசி வைத்திருக்க விடமாட்டார்கள். மாதம் ஒரு தடவை யாரிடமாவது இரவல் வாங்கித்தான் பேசுவார். ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். அப்பா மலையில் வேலையாக இருக்கும் நேரம் என்பதால் பிள்ளைதான் எடுப்பாள்.

"கடசியா அவ அம்மா பக்கத்து வீட்டு போனுக்கு கோல் எடுத்து அழுதிருக்கு சேர், புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. அந்த வீட்டுக்காரங்க பதில் சொல்றதுக்குள்ள கட்டாயிருச்சாம். இனி அடுத்த மாசந்தான் கோல் எடுக்கும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புள்ளகிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க சேர். நீங்க சொன்னாத்தான் அது கேக்கும்."

அதிபர் மீதும் கையேட்டின் மீதும் அத்தனை நாள் வைத்திருந்த கோபம் எல்லாம் என் மேலேயே திரும்பியது. பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்தது அம்மாவுடைய அழைப்பு என்றும், இனி எந்த நம்பரில் வந்தாலும் எடுத்துப் பார் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு சேர் எல்லாரையும் கைதட்டச் சொன்னீங்க?"