கதவு போன டாய்லெட்

இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய வெர்னாவின் அதட்டலுக்கு அடங்காத பிள்ளை கிடையாது. கணவர் லோவலிடம் மட்டும் அது செல்லுபடியாகாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு அரை மணிக்கு ஒரு தரம் ஒதுங்க வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்க் கழிவறை வரிசையில் நெளிந்துகொண்டு நிற்கக் கூசி, மனிதர் வீட்டை விட்டு நகர்வதையே நிறுத்திவிட்டார். கொலராடோவில் அவருடைய அக்கா கிளியோராவுக்கு எண்பது நிறையப் போகிறது. இப்போது போகாவிட்டால் இனிப் பார்க்க வாய்க்குமா என்பதே சந்தேகம்.

அதனால்தான் வெர்னா, அரிசோனா வெயிலில் காய்ந்து கிடந்த 1962 டிரெய்லரை, காருக்குப் பின்னால் கோத்து இழுக்கும் அந்தக் குட்டிச் சக்கர வீட்டை, தூசு தட்டினாள். அடுப்பு எரிந்தது, படுக்கை தேறியது. டாய்லெட்தான் விரிசல் விட்டிருந்தது. புதிது வாங்கி வந்து, தரையிலிருந்த பழைய குழாயின் வாயைச் சுரண்டி, ரப்பர் வளையம் வைத்து இறுக்கினாள். தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசியவில்லை. பெருமையாக உட்கார்ந்து கதவைச் சாத்தப் போனால் முட்டி இடிக்கிறது. போல்ட் துளையை அளந்தவள் காலுக்கு இடம் அளக்கவில்லை. பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இப்படி மாட்டிக்கொள்வார்கள்.

குழாயை நகர்த்தலாமா என்று பக்கத்து டிரெய்லர் டெல்மரைக் கேட்டாள். அவர் காபியும் கையுமாக வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார். துருதான் குழாயையும் கழிவுத் தொட்டியையும் பிடித்து வைத்திருக்கிறது, தொட்டால் இரண்டும் போய்விடும் என்றார்.

"கதவக் கழட்டிட்டுத் திரை போட்டுரு. உன் புருஷன்தான, யாரு பாக்கப் போறா?"

டெல்மருக்கு என்ன தெரியும்? பல் தேய்க்கும்போது வெர்னா உள்ளே வந்தால்கூட வெளியே போகச் சொல்லும் ஆள் லோவல். நாற்பத்து மூன்று வருடமாக அப்படித்தான். கதவைக் கழற்றினாள், திரையை மாட்டினாள், அவரிடம் மூச்சு விடவில்லை. ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது.

கிளம்பி முப்பது மைலிலேயே லோவல் நெளிந்தார். வெர்னா ஓரங்கட்டினாள். பின்னால் டிரெய்லருக்குள் போனவர் உடனே வாசலுக்கு வந்தார்.

"கதவு எங்க?"

"முட்டி இடிச்சுது. கழட்டிட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவர் நெடுஞ்சாலையைப் பார்த்தார். வீட்டுக்குத் திருப்பு என்று சொல்லப் போகிறார் என வெர்னா பயந்தாள். அவர் உள்ளே போனார். திரை வளையங்கள் கிறீச்சிட்டன. அவர் கூச்சப்படக் கூடாதென்று அவள் எட்டிப் போய் நின்றாள்.

"அங்க ஏன் போற?" என்று குரல் வந்தது. "படியில உக்காந்து சத்தமா ஏதாச்சும் பேசு. உனக்கு எதுவும் கேக்கக் கூடாது."

படியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்ததும், இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது தானாக வந்தது.

"ஆபரேஷன் அன்னிக்கு நீ திரும்பி வரமாட்டேன்னு நினைச்சேன், லோவல். கார்ல தனியா உக்காந்து அழுதேன்."

உள்ளே தண்ணீர் ஓடி நின்றது. திரை விலகவில்லை.

"நானும் அப்பிடித்தான் நினைச்சேன்," என்றார் லோவல். "இன்னும் கொஞ்ச நேரம் பேசு."