டப்பா காலியாகட்டும், அப்புறம் சொல்கிறேன்

1. டெஸ்டர்

சுங்கை பட்டாணியில் ஒரு மருந்துக்கடையின் அழகுசாதன கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் அக்கா என் கையில் ஒரு டெஸ்டரைக் கொடுத்தார். வாடிக்கையாளர் தொட்டுப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கும் டப்பாவுக்கு அதுதான் பெயர்.

"இத கஸ்டமர் கை மேல தடவு. 'பாருங்க, எவ்ளோ ஸ்மூத்தா இருக்கு'ன்னு சொல்லு. அவ்ளோதான் வேலை."

"நெஜமாவே நல்ல கிரீமாக்கா?"

"நீயா வாங்கப் போற? அப்புறம் என்ன லா கேள்வி?"

அன்றைக்கே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. புறங்கையில் ஐந்து நிமிடத்துக்கு எதைத் தடவினாலும் ஸ்மூத்தாகத்தான் இருக்கும், சமையல் எண்ணெய்கூட. அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் கவுண்டரே ஓடியது. கம்பெனியிலிருந்து டிரெய்னிங் கொடுக்க வரும் பெண்களைப் பார்ப்பேன். முகத்தில் அவ்வளவு பவுடர் அப்பியிருப்பார்கள், அடியில் தோல் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. இவர்கள் சொல்வதை நான் மற்றவர்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

அதனால் ஸ்டாஃப் விலையில் ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டில் கடைசிச் சொட்டு வரை பூசிப் பார்க்க ஆரம்பித்தேன். டப்பா காலியாகும்வரை நல்லது என்றும் சொல்ல மாட்டேன், கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் மினுக்கிய கிரீம்கள் பாதி டப்பா தாண்டியதும் பருவைக் கிளப்பிவிட்டதை என் முகத்திலேயே பார்த்திருக்கிறேன். கடையில் இருந்த காலம் முழுக்க இதுதான் என் பழக்கம். ஓய்வுபெற்ற பிறகு அதையே கைப்பேசியில் வீடியோவாகப் போடுகிறேன்.

2. என் வேலை முறை

இப்போது ரிவ்யூ செய்ய வரும் பிள்ளைகள் பெட்டியைப் பிரிக்கும்போதே "சூப்பர்" என்கிறார்கள். எனக்கு அது பிடிபடாது. இலவசமாக வரும் டப்பாவை நான் வாங்குவதில்லை. ரிவ்யூவுக்கு என்று நல்லதாகப் பொறுக்கி அனுப்பியிருப்பார்களோ என்று சந்தேகம். கடைக்கு நானே போய், ரேக்கின் பின்வரிசையில் இருந்து எடுப்பேன். திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் அடியில் எழுதுவேன். முதலில் காதுக்குப் பின்னால், பிறகு பாதி முகம், பிறகுதான் முழு முகம். டியூப் முடிந்துவிட்டது என்று தோன்றினால் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டுவேன். சன்ஸ்கிரீன் என்றால் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் காய்கறி வாங்கப் பாசாருக்கு நடப்பேன். திரும்பி வரும்போது ஸ்டிக்கர் பொட்டு வழுக்கி மூக்குக்கு வந்திருந்தால் அதற்கு என்னிடம் மார்க் கிடையாது.

"அக்கா, நீங்க ரிவ்யூ போடறதுக்குள்ள அந்த கிரீம் கடையிலயே நின்னு போச்சு" என்று கீழே எழுதுவார்கள். போகட்டும்.

வீட்டிலும் என்னைக் கிண்டல் செய்வதுதான் பொழுதுபோக்கு. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பேன், மீன்காரர் சொல்வதை நம்பாமல் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். என் அண்ணன் மணியம் சொல்வார்: "சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் எங்க வசந்தி எக்ஸ்பைரி டேட் எங்கன்னு கேப்பா." நானும் சிரித்துவிட்டுப் போவேன். அந்தக் கிண்டலுக்கு எவ்வளவு விலை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

3. வெள்ளை டப்பா

அண்ணன் லூனாஸில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறார். செம்பனை எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டுகிறார். அண்ணி சரோஜாவுக்குக் கூலிமில் ஃபேக்டரி வேலை. ஒருநாள் விருந்துக்குப் போனபோது கதவைத் திறந்த அண்ணியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். முகமும் கழுத்தும் வெளுத்துப் பளபளவென்று இருந்தன. காதும் கையும் பழைய நிறத்திலேயே இருந்தன. கன்னத்தில் சிவப்பாக நூல் நூலாக நரம்பு தெரிந்தது.

"என்ன அண்ணி பூசுறீங்க?"

அண்ணி பெருமையோடு ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்தார். பெயர் இல்லை, தயாரித்தவர் யார் என்று இல்லை, அரசாங்கப் பதிவு எண் இல்லை. ஜித்ராவில் இருந்து ஓர் அக்கா அனுப்புகிறாராம். அண்ணி பூசுவதோடு ஃபேக்டரிப் பெண்களுக்கு விற்கவும் செய்கிறாராம்.

"லேபிளே இல்லாத சாமான மூஞ்சில பூசலாமா அண்ணி?"

"உனக்கு எதுலதான்மா சந்தேகம் இல்ல? என் சாம்பாரையே மோந்து பாத்துட்டுத்தான் ஊத்திக்கற."

"இது சாம்பார் இல்ல அண்ணி."

அண்ணியின் முகம் மாறியது. "வசந்தி, கல்யாணமாகி வந்த நாள்லேருந்து உங்கம்மா என்னைக் கருப்பின்னுதான் கூப்பிட்டாங்க. சாகற வரைக்கும் அதான் என் பேரு. இப்பதான் லா ஃபேக்டரில ஒருத்தி, 'அக்கா, நீங்க அழகா இருக்கீங்க'ன்னா. அதுவும் உனக்குப் பொறுக்கலையா?"

அம்மா அப்படித்தான் கூப்பிட்டார். நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். வெட்கமாக இருந்தது.

புறப்படும்போது புது டப்பா ஒன்றை என் பையில் திணித்தார். "நீயும் பூசு. காலி பண்ணிட்டுச் சொல்லு. அதானே உன் ரூல்?" என் விதியாலேயே என் வாயைக் கட்டிவிட்டார். அவர் காலில் செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. கேட்டதற்கு, "நின்னுகிட்டே வேலை, அதான்" என்றார். நான் அந்த டப்பாவைத் திறக்கவில்லை.

4. தாலி

சில வாரங்கள் கழித்து அண்ணி அழுதுகொண்டே கூப்பிட்டார். "வசந்தி, என் தாலி வெளுத்துருச்சு!"

ஓடினேன். தாலியிலும் கழுத்தில் உரசும் சங்கிலியிலும் மஞ்சள் நிறம் போய், வெள்ளி பூசியதுபோல் திட்டுத் திட்டாக இருந்தது. எங்கள் பெண்களுக்குத் தாலி நிறம் மாறினால் என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணி அண்ணனை லாரியில் ஏற விடவில்லை. சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தார். செவ்வாயும் வெள்ளியும் பட்டினி. அம்மனுக்கு என்னென்னவோ வேண்டுதல்.

அண்ணனுக்கோ வேறு சந்தேகம். "நகைக்கடைக்காரன் ஏமாத்திட்டான். சங்கிலிய அவன்கிட்ட கொஞ்ச நாள் முன்னதான் பாலிஷுக்குக் குடுத்தோம். மாத்திட்டான்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் கடைக்காரர் மேல்தான் முதலில் சந்தேகம் போனது. மூவரும் சண்டைக்குத் தயாராகக் கடைக்குப் போனோம். பின்னறையில் இருந்த பத்தர் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்தார். நாங்கள் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அண்ணியைக் கழற்றச் சொல்லாமல், கழுத்தில் இருந்தபடியே தாலியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல பாதரசம் ஏறியிருக்கும்மா. தங்கத்தப் பார்த்தா அது ஒட்டிக்கும்."

"அப்ப இது கலப்படமா?" என்றார் அண்ணன்.

"தங்கம் சுத்தமாத்தான் இருக்கு. இந்த மாதிரி இப்ப நெறைய பேரு கொண்டாராங்க. கழுத்துல என்னம்மா பூசுறீங்க?"

கடையில் வேலை செய்தபோதே பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிரீம்களைப் பற்றி மருந்தாளர் எச்சரித்திருக்கிறார். முகத்தை வெளுக்க வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பார். அண்ணியின் வீங்கிய காலைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழேயும் உப்பியிருந்தது.

"அண்ணி, அந்த கிரீமை இன்னைக்கே நிறுத்துங்க. கிட்னி போயிரும்."

"கடைக்காரர் தப்பிக்கறதுக்கு என் கிரீம் மேல பழி போடறாரு. நீயும் அவரோட சேந்துகிட்டியா?"

"சத்தியமாச் சொல்றேன் அண்ணி."

"நீ எதத்தான் நல்லதுன்னு சொல்லியிருக்க? எல்லாத்தையும் தப்புங்கறவ சொல்றத நான் எப்படி நம்பறது?"

அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. பாலில் சந்தேகம், மீனில் சந்தேகம், சாம்பாரில் சந்தேகம் என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகத்தை வாரி இறைத்திருக்கிறேன். ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டிய சந்தேகம் வந்தபோது அதற்கு மதிப்பே இல்லாமல் போனது. அழுகையாக வந்தது.

5. மோதிரம்

மறுநாள் திறக்காத அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு லூனாஸுக்கே போனேன். அண்ணியின் கண் முன்னால் மூடியைத் திருகினேன். என் விரலில் இருந்த தங்க மோதிரத்தைக் கழற்றினேன்.

"ஏய், அது அத்தையோட மோதிரம்!"

"தெரியும்."

அம்மா கடைசிக் காலத்தில் மருமகளுக்குக் கொடுக்காமல் எனக்குப் போட்டுவிட்ட மோதிரம் அது. கிரீமை அள்ளி அதில் அப்பித் துணியால் நன்றாகத் தேய்த்தேன். மறுபடி அப்பினேன்.

"உங்க அலமாரிலயே வச்சுப் பூட்டுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு நாள் நான் இங்கதான் இருப்பேன்."

அண்ணி டப்பாவைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார், என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ வேற எதையாச்சும் தடவியிருப்ப" என்று மோதிரத்தைக் கழுவித் துடைத்து, தன் கையாலேயே மறுபடி கிரீமைப் பூசினார். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த இரண்டு நாளும் அண்ணி என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணன் லாரிக்குப் போகாமல் கூண்டில் அடைத்த கோழிபோல் ஹாலில் சுற்றிக்கொண்டிருந்தார். லாரி முதலாளி டவ்கே போன் மேல் போன் போட்டுக் கத்தினார்.

குறித்த நேரத்தில் அண்ணி அலமாரியைத் திறந்தார். மோதிரத்தைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். தாலியில் இருந்த அதே வெள்ளைத் திட்டு.

பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப இது கிரீம்தானா? அவருக்கு ஒன்னும் இல்லையா?"

"அண்ணனுக்கு ஒன்னும் இல்ல. ஆபத்து உங்களுக்குத்தான்."

"அப்பாடா!" என்றார் அண்ணி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தார், அழுதார். "மாரியாத்தா, நான் பயந்தே போயிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என்ன அப்பாடா? உங்களுக்குத்தான் ஆபத்துங்கறேன், காதுல விழலையா? உங்க உயிருன்னா உங்களுக்கு எளக்காரமா?"

அண்ணன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "சரோ, துணிய மாத்து. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். "கருப்பா இருந்தப்ப தானடி உன்னக் கட்டிக்கிட்டேன்." கல்யாணமான நாளில் இருந்து அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அன்றைக்காவது சொன்னாரே.

மருத்துவர் காலை அழுத்திப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "முகத்துக்கு என்ன போடுறீங்க?" சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார். அண்ணி அன்றோடு நிறுத்தினார். வீக்கம் உடனே இறங்கவில்லை, மாதங்கள் ஆயின. முகம் முதலில் திட்டுத் திட்டாகக் கறுத்து, கண்ணாடியைப் பார்த்தாலே அழ வைத்து, பிறகு மெல்ல மெல்லத் தன் நிறத்துக்கு வந்தது.

தன்னிடம் வாங்கிய பெண்களுக்கெல்லாம் அண்ணி குரல் செய்தி அனுப்பினார். "உடனே நிறுத்துங்க, டப்பாவ என்கிட்டயே கொண்டாங்க, ஒன்னுக்குப் போற டெஸ்ட் எடுங்க." சிலர் திட்டினார்கள். சிலர் அழுதபடி வந்தார்கள். நானும் ஒரு வீடியோ போட்டேன். காலியாகாத டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசிய முதல் வீடியோ அதுதான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் யார் செய்தது என்று தெரியாத டப்பாவைப் பயன்படுத்திப் பார்க்காதீர்கள். சந்தேகப்படுங்கள். அதைக் கண்டதற்கெல்லாம் செலவழித்துவிடாதீர்கள், வேண்டிய நேரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் இப்போது அண்ணி வீட்டுச் சாம்பாரை முகராமல்தான் ஊற்றிக்கொள்கிறேன்.

6. ஜித்ரா அக்கா

போன மாதம் நான் லூனாஸில் இருந்தபோது அந்த ஜித்ரா அக்காவே வீடு தேடி வந்தார். கை நிறையத் தங்க வளையல். நான் முதலில் பார்த்தது முகத்தைத்தான். நல்ல மாநிறம், கன்னத்தில் ஒரு நரம்பு இல்லை. அந்த அம்மா தன் சரக்கைத் தான் தொட்டதே இல்லை.

அண்ணி அன்பாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

"சரோஜா, பழசெல்லாம் போலி லா. யாரோ காப்பி அடிச்சுட்டாங்க. இது ஒரிஜினல், புது ஃபார்முலா. பயப்படவே வேணாம்" என்று வெள்ளை டப்பா ஒன்றை மேசையில் வைத்தார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணி கையைக் காட்டி என்னை அடக்கினார். டப்பாவைத் திறந்து விருந்தாளியின் பக்கம் நகர்த்தினார்.

"நம்பறேன்கா. ஒங்க வளையல் ஒன்ன மட்டும் கழட்டி இதுக்குள்ள போடுங்க. ரெண்டு நாள் எங்க வீட்லயே தங்குங்க. சோறு நான் போடறேன்."

ஜித்ரா அக்கா மற்றக் கையால் வளையல்களைப் பொத்திக்கொண்டார். டப்பாவை மூடிப் பைக்குள் போட்டவர், தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.